ப்ராசஸ் தாண்டிப் பேசும் ப்ராக்ஸி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்ட்ராய்டில் ஒரு சர்வீஸைத் (பின்னணியில் வேலை செய்யும் பகுதி) தனி ப்ராசஸில் (தனக்கென்று நினைவகத்தோடு ஓடும் ப்ரோக்ராம்) வைத்து அதோடு பேசும் கோடு எழுதுகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. டீமில் புதிதாக யார் சேர்ந்தாலும் போர்டில் அதே இரண்டு பெட்டிகளை வரைந்துகொண்டிருந்தேன். அதனால் கேள்விகளை அவரவர் கேட்டபடியே எழுதிவைத்து, பதில் சேர்த்திருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம் போதும்: ஒரு பாட்டு ஆப். பட்டன்களைக் காட்டும் திரை ஒரு ப்ராசஸ். பாட்டை ஓட்டும் ப்ளேயர் சர்வீஸ் இன்னொரு ப்ராசஸ். திரைப் பக்கம் க்ராஷ் ஆனாலும் பாட்டு நிற்கக் கூடாது என்றுதான் இப்படிப் பிரித்திருக்கிறோம்.

ப்ராக்ஸி ஆப்ஜெக்ட்னா என்னண்ணா? சுருக்கமா சொல்லுங்க.

உண்மையான ஆப்ஜெக்ட் வேறொரு ப்ராசஸில் இருக்கிறது. அதே இன்டர்ஃபேஸோடு உங்கள் ப்ராசஸில் அதன் சார்பாக நிற்பதுதான் ப்ராக்ஸி. அதனிடம் ப்ளேட்ராக்(17) என்று சொன்னால் அது எந்தப் பாட்டையும் ஓட்டாது. எந்த மெத்தட், என்ன மதிப்பு என்பதைப் பைட்டுகளாகக் கட்டி அந்தப் பக்கம் அனுப்பும், பதில் வரும்வரை காத்திருக்கும், வந்ததைப் பிரித்து உங்கள் கையில் கொடுக்கும். வேலை நடப்பதெல்லாம் அந்தப் பக்கம்தான்.

அந்த ஆப்ஜெக்ட்டோட அட்ரஸை இந்த ப்ராசஸுக்கு அனுப்பினா போதாதா? எதுக்கு இவ்வளவு சுத்து?

போதாது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி முகவரி வெளி உண்டு. ப்ளேயர் ப்ராசஸில் ஓர் ஆப்ஜெக்ட் இருக்கும் அதே முகவரியில், திரை ப்ராசஸில் வேறு ஏதாவது இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. ஊர், தெரு எதுவும் சொல்லாமல் ‘12ஆம் நம்பர் வீடு’ என்று மட்டும் சொன்னால் எப்படிப் போய்ச் சேர முடியும்? ஓர் ஆப்பின் நினைவகத்தை இன்னொன்று தொடக் கூடாது என்பதற்காகவே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் இந்தச் சுவரைக் கட்டியிருக்கிறது. சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் கர்னல் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆண்ட்ராய்டில் அந்த வழிக்குப் பெயர் பைண்டர். பீ (Be Inc.) நிறுவனத்தில் பிறந்த யோசனை இது. பாம்சோர்ஸ் நிறுவனத்தில் ஓப்பன்பைண்டராக வளர்ந்து, பிறகு ஆண்ட்ராய்டுக்காகப் புதிதாக எழுதப்பட்டது. ப்ராக்ஸியின் கையில் இருப்பது முகவரி அல்ல, கர்னலுக்குள் இருக்கும் பைண்டர் ட்ரைவர் கொடுத்த ஹேண்டில் என்ற ஒரு சிறிய எண். ஃபைல் டிஸ்க்ரிப்டர் (திறந்த ஃபைலுக்குக் கர்னல் கொடுக்கும் எண்) மாதிரி, அந்த எண்ணுக்கு அந்த ப்ராசஸுக்குள் மட்டும்தான் அர்த்தம்.

ஸ்டப், ப்ராக்ஸி, ஸ்கெலிட்டன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எது எந்தப் பக்கம்?

குழப்பம் உங்களுடையது இல்லை. பெயர்களே அப்படித்தான் வந்திருக்கின்றன. ரிமோட் ப்ரொசீஜர் கால் (வேறு இடத்தில் ஓடும் கோடைக் கூப்பிடும் முறை) பற்றி பிரெல், நெல்சன் இருவரும் 1984இல் எழுதிய கட்டுரையில் இரண்டு பக்கமும் ஸ்டப்தான். ஜாவாவில் அதே வேலையைச் செய்யும் ஆர்எம்ஐயில் கூப்பிடும் பக்கம் ஸ்டப், பதில் சொல்லும் பக்கம் ஸ்கெலிட்டன். மைக்ரோசாஃப்டின் காம் (COM) முறையிலும் ஆண்ட்ராய்டிலும் கூப்பிடும் பக்கம் ப்ராக்ஸி, பதில் சொல்லும் பக்கம் ஸ்டப். அதாவது ஆர்எம்ஐ ஆள் ஸ்டப் என்றால், ஆண்ட்ராய்டு ஆளுக்கு அது நேர் எதிர்ப் பக்கம். இங்கே ஆண்ட்ராய்டின் வழக்கத்தையே வைத்துக்கொள்கிறேன்.

ப்ளேட்ராக்(17)னு கூப்பிட்டதும் உள்ள நிஜமா என்னதான் நடக்குது?

ஒரே ஒரு முறை பொறுமையாக இதைப் பின்தொடர்ந்து பாருங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ப்ராக்ஸி முதலில் இரண்டு பார்சல்களை (பைட்டுகளை அடுக்கிவைக்கும் பெட்டிகள்) எடுக்கும், ஒன்று அனுப்ப, ஒன்று பதிலுக்கு. அனுப்பும் பார்சலில் முதலில் இன்டர்ஃபேஸின் முழுப்பெயரை எழுதும், அடுத்து 17 என்ற எண்ணை எழுதும். மெத்தட்டின் பெயர் பார்சலில் போகாது, அதற்குப் பதில் ஓர் எண்தான் போகும். ப்ளேட்ராக் மூன்றாவது மெத்தட் என்றால் அந்த எண் 3. பிறகு ட்ரான்சாக்ட் என்ற அழைப்பு ட்ரைவருக்குள் இறங்கும், உங்கள் த்ரெட் (கோடு வரிவரியாக ஓடும் இழை) அங்கேயே தூங்கிவிடும்.

ட்ரைவர் உங்கள் பார்சலை ப்ளேயர் ப்ராசஸ் முன்பே மேப் செய்து வைத்திருக்கும் பஃபருக்குள் நேராக நகல் எடுக்கும். பைப் என்ற சாதாரண வழியில் அனுப்பினால் கர்னலுக்குள் ஒரு நகல், கர்னலிலிருந்து வெளியே ஒரு நகல் என்று இரண்டு வேண்டும். இங்கே ஒன்றே போதும். அப்புறம் ப்ளேயரின் பைண்டர் த்ரெட் ஒன்றை எழுப்பும். அது ஸ்டப்பின் ஆன்ட்ரான்சாக்ட்டுக்குள் நுழைந்து, இன்டர்ஃபேஸ் பெயர் சரிதானா என்று பார்த்து, எண் 3 என்றதும் 17ஐப் படித்து, நீங்கள் எழுதிய உண்மையான ப்ளேட்ராக்கைக் கூப்பிடும். அது முடிந்ததும் ‘எக்செப்ஷன் இல்லை’ என்று பதில் பார்சலில் எழுதும். அந்தப் பார்சல் வந்த வழியே திரும்பும், உங்கள் த்ரெட் விழிக்கும், ப்ராக்ஸியின் மெத்தட் முடியும். உங்கள் கோடில் இதெல்லாம் ஒரே ஒரு வரி.

இந்த ப்ராக்ஸி க்ளாஸை நானே எழுதணுமா?

வேண்டாம். இன்டர்ஃபேஸை ஏஐடிஎல் (ஆண்ட்ராய்டில் இன்டர்ஃபேஸை விவரிக்கும் மொழி) ஃபைலில் எழுதினால் பில்ட் நடக்கும்போது ப்ராக்ஸி, ஸ்டப் இரண்டும் தானாக உருவாகும். ஆனால் உருவான ஜாவா ஃபைலை ஒரு தடவையாவது திறந்து படியுங்கள். முந்தைய பதிலில் சொன்னதெல்லாம் அங்கே வரிவரியாக இருக்கிறது.

மற்ற இடங்களில் வழி வேறு. ஜாவா ஆர்எம்ஐயில் முதலில் ஸ்டப்பை உருவாக்க ஆர்எம்ஐசி என்று தனிக் கருவி இருந்தது. 2004இல் வந்த ஜாவா 5 முதல் ஓடும்போதே டைனமிக் ப்ராக்ஸியாக உருவாக்கிக்கொள்ள முடிந்தது. பைத்தானின் மல்டிப்ராசஸிங் மேனேஜரும் ஓடும்போதே உருவாக்கிவிடும்.

சர்வீஸும் திரையும் ஒரே ப்ராசஸ்ல இருந்தா? அப்பவும் இவ்வளவு சுத்தி வருமா?

வராது. ஆஸ்இன்டர்ஃபேஸ் என்ற மெத்தட் முதலில் ‘இந்த ஆப்ஜெக்ட் இதே ப்ராசஸில் இருக்கிறதா?’ என்று பார்க்கும். இருந்தால் உண்மையான ஆப்ஜெக்ட்டையே கொடுத்துவிடும், இல்லாவிட்டால்தான் ப்ராக்ஸி. வேகத்துக்கு நல்லது. ஆனால் பழக்கத்துக்கு ஆபத்து. ஒரே ப்ராசஸில் வைத்து மாதக்கணக்கில் எழுதிய கோடு, ஆப்பின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்டில் ப்ராசஸ் என்ற ஒரு வரி சேர்த்த அன்று வேறு மாதிரி நடந்துகொள்ளும். அடுத்த கேள்வியே அதற்குச் சாட்சி. சர்வீஸ் என்றைக்காவது தனியாகப் போகும் என்று தெரிந்தால் முதல் நாளிலேயே தனி ப்ராசஸில் வைத்துவிடுங்கள்.

காலி லிஸ்ட்டை அனுப்பினேன், அந்தப் பக்கம் பாட்டெல்லாம் சேத்தாங்க, திரும்பி வந்து பாத்தா காலியாவே இருக்கு. ஏன்?

அந்தப் பக்கம் போனது உங்கள் லிஸ்ட் இல்லை, அதன் நகல். பார்சலில் எழுதி, அங்கே பிரித்து, புது லிஸ்ட் ஒன்று உருவானது. அவர்கள் சேர்த்ததெல்லாம் அந்தப் புது லிஸ்ட்டில். மெத்தட் முடிந்ததும் அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கேட்க வழி இருக்கிறது. ஏஐடிஎல்லில் இன், அவுட், இன்அவுட் என்று லிஸ்ட் போன்ற பாராமீட்டர்களுக்குத் திசை சொல்லலாம். அவுட் என்றால் அந்தப் பக்கத்தில் நிரப்பியது பதில் பார்சலில் திரும்பி வந்து உங்கள் லிஸ்ட்டில் நிரம்பும். இன்அவுட் என்றால் இரண்டு வழியும் நகல். என் பழக்கம், எல்லாவற்றையும் இன் என்றே வைத்து, விடையை மெத்தட்டின் ரிட்டர்ன் மதிப்பாக வாங்குவது. படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது. பைத்தானிலும் இதே வலி உண்டு. மேனேஜர் கொடுத்த டிக்ஷனரிக்குள் ஒரு சாதாரண லிஸ்ட் வைத்து அதில் அப்பெண்ட் செய்தால் மாற்றம் அந்தப் பக்கம் போகாது, ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது நகல். மாற்றிய லிஸ்ட்டை மறுபடி அந்தக் கீயில் வைக்க வேண்டும்.

எல்லாமே நகல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பைண்டர் ஆப்ஜெக்ட் ஒன்றை பாராமீட்டராக அனுப்பினால் அது நகலாகாது, அந்தப் பக்கம் அதற்கு ஒரு ப்ராக்ஸி கிடைக்கும். கால்பேக் (அந்தப் பக்கம் நம்மைத் திருப்பிக் கூப்பிட நாம் கொடுத்துவைக்கும் ஆப்ஜெக்ட்) எல்லாம் வேலை செய்வது இப்படித்தான். டேட்டா போனால் நகல், பைண்டர் போனால் தொடர்பு.

மெயின் த்ரெட்ல இருந்து கூப்பிடலாமா? சின்ன மெத்தட்தானே.

சின்னது என்பது உங்கள் பக்கத்துப் பார்வை. அந்தப் பக்கம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பதில் வரும்வரை உங்கள் த்ரெட் தூங்கும் என்று பார்த்தோம். தூங்குவது திரையையும் தொடுதலையும் கவனிக்கும் மெயின் த்ரெட்டாக இருந்து, தொட்ட விரலுக்கு 5 விநாடி பதில் இல்லையென்றால் ‘ஆப் பதிலளிக்கவில்லை’ என்ற பெட்டி வந்து நிற்கும். தவறு ப்ளேயருடையது, பழி திரைக்கு. டிஸ்க்கைத் தொடும், நெட்வொர்க்கைத் தொடும், லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பிடிக்கும் எந்த மெத்தட்டையும் பின்னணி த்ரெட்டிலிருந்தே கூப்பிடுங்கள்.

அப்ப எல்லாத்துக்கும் ஒன்வே போட்டுடலாமே?

ஏஐடிஎல்லில் ஒரு மெத்தட்டுக்கு ஒன்வே என்று போட்டால், அழைப்பு பதிலுக்குக் காத்திருக்காமல் பார்சலை ட்ரைவரிடம் கொடுத்ததும் திரும்பிவிடும். கால்பேக்குகளுக்கு அதுதான் சரி, சர்வீஸ் ஒருபோதும் ஆப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் ரிட்டர்ன் மதிப்பு கிடையாது, அந்தப் பக்க எக்செப்ஷன் வராது, வேலை நடந்ததா என்றே தெரியாது. ஒரே பைண்டர் ஆப்ஜெக்ட்டுக்குப் போகும் ஒன்வே அழைப்புகள் அனுப்பிய வரிசையில், ஒவ்வொன்றாகத்தான் ஓடும். வெவ்வேறு ஆப்ஜெக்ட்டுகளுக்கு இடையே அந்த உறுதி இல்லை. இன்னொன்று: ஒரே ப்ராசஸில் இருந்தால் ஒன்வேக்கு எந்த விளைவும் இல்லை. அது சாதாரண மெத்தட் அழைப்பாகவே, முடியும்வரை ஓடும்.

அந்தப் பக்கம் என் மெத்தட் எந்த த்ரெட்ல ஓடும்? சிங்க்ரனைஸ்டு போடணுமா?

பைண்டர் த்ரெட் பூலில் ஏதாவது ஒன்றில் ஓடும். சாதாரண ஆப்பில் ட்ரைவர் கேட்டு உருவாக்கும் த்ரெட்டுகளுக்கு உச்ச வரம்பு 15. இரண்டு ஆப்புகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் உங்கள் ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும். ஆகவே ஸ்டப்பில் எழுதும் எந்தக் கோடும் பல த்ரெட்டுகளைத் தாங்க வேண்டும்.

ஒரு நுணுக்கம் உண்டு. திரை ப்ளேயரைக் கூப்பிட்டுக் காத்திருக்கிறது, ப்ளேயர் அதே அழைப்புக்குள்ளிருந்து ஒன்வே அல்லாத திரையின் கால்பேக்கைக் கூப்பிடுகிறது என்று வையுங்கள். ட்ரைவர் புது த்ரெட்டைத் தேடாது. காத்திருக்கும் அதே த்ரெட்டையே எழுப்பி கால்பேக்கை ஓட வைக்கும். அதனால் லாக் பிடித்தபடி கூப்பிட்டிருந்தாலும் டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடுவது) வராது, ஆனால் உங்கள் டேட்டா பாதி மாறிய நிலையில் கால்பேக் உள்ளே வந்துவிடும். லாக்கைப் பிடித்துக்கொண்டு வேறு ப்ராசஸைக் கூப்பிடாதீர்கள் என்று ரிவ்யூவில் நான் விடாமல் எழுதுவது இதனால்தான்.

எங்க டெஸ்ட் போன்ல நல்லா ஓடுது. யூசர் போன்ல ட்ரான்சாக்ஷன் டூ லார்ஜ்னு க்ராஷ் ஆகுது.

இதை நானே பட்டிருக்கிறேன். முழுப் பாட்டு லிஸ்ட்டையும் ஒரே மெத்தட்டில் திருப்பிக் கொடுத்திருந்தோம். டெஸ்ட் போனில் சில நூறு பாட்டுகள். பல வருடங்களாகப் பாட்டு சேர்த்து வைத்திருந்த ஒருவரின் போனில் திறந்த உடனே விழுந்தது. கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் எளிது. ஒரு ப்ராசஸின் பைண்டர் பஃபர் சுமார் 1 எம்பி. பார்சலில் ஸ்ட்ரிங் எழுதும்போது ஓர் எழுத்து அலகுக்கு 2 பைட். தலைப்பு, ஆல்பம், ஃபைல் பாதை மூன்றும் சேர்ந்து 150 எழுத்து என்றால் ஒரு பாட்டுக்கு 300 பைட். 3500 பாட்டு வந்தால் எல்லை தாண்டிவிடும்.

அந்த 1 எம்பி ஓர் அழைப்புக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்த ப்ராசஸில் அந்த நேரத்தில் நடக்கும் எல்லா அழைப்புகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஒன்வே அழைப்புகளுக்கு அதிலும் பாதி. அதனால்தான் 300 கேபி அனுப்பினாலும் சில நாள் விழும், சில நாள் விழாது. நாங்கள் செய்தது: நூறு நூறாகக் கேட்டு வாங்கினோம், தேடுவதை ப்ளேயர் பக்கமே வைத்தோம். பெரிய டேட்டாவை அப்படியே அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஃபைல் டிஸ்க்ரிப்டரையோ, ஆண்ட்ராய்டு 8.1 முதல் இருக்கும் ஷேர்டுமெமரியையோ அனுப்புங்கள்.

ப்ளேயர் ப்ராசஸ் செத்துட்டா என் கையில இருக்கற ப்ராக்ஸி என்ன ஆகும்?

ஆப்ஜெக்ட்டாக அது உயிரோடுதான் இருக்கும். நல் ஆகாது, அடையாளமும் மாறாது. அடுத்து ஏதாவது கூப்பிட்டால் டெட்ஆப்ஜெக்ட் எக்செப்ஷன் வரும். சர்வீஸ் மறுபடி எழுந்தாலும் இந்த ப்ராக்ஸி உயிர் பெறாது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள லிங்க்டுடெத் என்று பதிவு செய்துவையுங்கள். அந்த ப்ராசஸ் போனதும் ட்ரைவர் சொல்லி, பைண்டர்டைடு என்ற மெத்தட் பைண்டர் த்ரெட்டில் ஓடும். திரையை மாற்ற வேண்டுமென்றால் அங்கிருந்து மெயின் த்ரெட்டுக்கு வாருங்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: எக்செப்ஷன் வந்ததென்றால் வேலை நடந்ததா, நடக்கவில்லையா? தெரியாது. வேலையை முடித்துவிட்டுப் பதில் அனுப்பும் முன்னும் ப்ராசஸ் செத்திருக்கலாம். மெத்தட்டை வடிவமைக்கும்போதே இதை யோசியுங்கள். நெக்ஸ்ட்() என்று வைத்து மறுபடி அனுப்பினால் இரண்டு பாட்டு தாண்டிவிடும். ப்ளேட்ராக்(17) என்று வைத்தால் எத்தனை முறை அனுப்பினாலும் 17தான் ஓடும்.

அந்தப் பக்கம் என் சொந்த எக்செப்ஷனை எறிஞ்சேன். இந்தப் பக்கம் வரவே இல்லையே?

வராது. செக்யூரிட்டி எக்செப்ஷன், இல்லீகல் ஆர்க்யுமென்ட், இல்லீகல் ஸ்டேட், நல் பாய்ன்டர் போன்ற ஒரு சில வகைகளை மட்டுமே பார்சலில் எழுத முடியும். மற்றவை அந்தப் பக்கப் பதிவில் (log) நின்றுவிடும். சொந்தக் காரணம் சொல்ல வேண்டுமானால் மெத்தட்டின் ரிட்டர்ன் மதிப்பில் ஓர் எண்ணாக வைத்து அனுப்புங்கள்.

லோக்கல் ஆப்ஜெக்ட் மாதிரி தெரியணும்னுதானே ப்ராக்ஸி? அப்புறம் ஏன் எல்லா மெத்தட்லயும் ரிமோட் எக்செப்ஷனைப் பிடிக்கச் சொல்றாங்க?

தோற்றம் ஒன்றாக இருக்கலாம், தன்மை ஒன்றாக இருக்க முடியாது. 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜிம் வால்டோவும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை இதைத்தான் வாதாடுகிறது: தாமதம், நினைவக அணுகல், பாதி தோல்வி (ஒரு பக்கம் மட்டும் விழுவது), ஒரே நேரத்தில் பலர் நுழைவது ஆகியவற்றில் தூர ஆப்ஜெக்ட் வேறுபடும், அதை மறைக்கக் கூடாது. மேலே வந்த கேள்விகளைப் பாருங்கள். மெயின் த்ரெட், காலி லிஸ்ட், செத்த ப்ளேயர், த்ரெட் பூல் என்று நான்கும் வந்திருக்கின்றன. அந்த ட்ரை-கேட்ச் எரிச்சலாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்ட ஒவ்வொரு கேட்ச்சும் ‘ப்ளேயர் இல்லாவிட்டால் திரை என்ன காட்டும்?’ என்ற கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்ட இடம்.

ஒரே கால்பேக்கை ரிஜிஸ்டர் பண்ணி, அன்ரிஜிஸ்டர் பண்ணினா லிஸ்ட்ல கிடைக்கலங்குது. ஈக்வல்ஸ் ஏன் பொய் சொல்லுது?

ஆஸ்இன்டர்ஃபேஸ் ஒவ்வொரு முறையும் புது ப்ராக்ஸியைக் கட்டுகிறது. இரண்டு முறை வந்தது ஒரே கால்பேக் என்றாலும் ப்ளேயர் பக்கத்தில் இரண்டு தனி ப்ராக்ஸிகள். ஒப்பிட வேண்டியது அவற்றின் அடியில் இருக்கும் பைண்டரை, அதாவது ஆஸ்பைண்டர் கொடுப்பதை. கால்பேக் பட்டியலைக் கையால் எழுதாமல் ரிமோட்கால்பேக்லிஸ்ட் க்ளாஸைப் பயன்படுத்துங்கள். பைண்டரை வைத்தே ஒப்பிடும், கூப்பிட்ட ப்ராசஸ் செத்தால் தானே நீக்கியும் விடும்.

இன்டர்ஃபேஸ்ல புது மெத்தட் சேத்தா பழைய ஆப்புங்க உடையுமா?

கடைசியில் சேர்த்தால் உடையாது, நடுவில் சேர்த்தால் உடையும். பார்சலோடு போவது மெத்தட்டின் வரிசை எண் என்று பார்த்தோமே. இரண்டாவதற்குப் பின் ஒன்றைச் செருகினால், பழைய ஆப் ப்ளேட்ராக் என்று நினைத்து அனுப்பும் 3 இங்கே வேறு மெத்தட்டை ஓட்டும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது.

ஆக்டிவிட்டியை மூடிட்டேன், ப்ராக்ஸியையும் நல் ஆக்கிட்டேன். ஆனாலும் லீக்னு டூல் காட்டுது. எதைப் பிடிச்சிட்டு இருக்கு?

பிடித்துக்கொண்டிருப்பது எதிர்ப் பக்கம். திரை தன் கால்பேக்கை ப்ளேயரிடம் கொடுத்தது. ப்ளேயர் அதன் ப்ராக்ஸியை வைத்திருக்கிறது. அங்கே ப்ராக்ஸி இருக்கும்வரை இங்கே இருக்கும் உண்மையான கால்பேக்கைக் குப்பையாக எடுக்கக் கூடாது என்று ட்ரைவர் கணக்கு வைத்திருக்கும். அந்தக் கால்பேக் உள் க்ளாஸாக இருந்தால் திரைக்கான ஆப்ஜெக்ட்டான ஆக்டிவிட்டியையும் சேர்த்துப் பிடித்திருக்கும். இரண்டு பக்கக் குப்பை சேகரிப்பும் தன் ப்ராசஸை மட்டுமே பார்ப்பதால், இந்தப் பிடி யார் கண்ணுக்கும் தெரியாது. ஆர்எம்ஐயில் இதற்கு லீஸ் என்று ஒரு தவணை உண்டு, இயல்பாக 10 நிமிடம். க்ளையன்ட் புதுப்பிக்காவிட்டால் சர்வர் கைவிட்டுவிடும். பைண்டரில் தவணை கிடையாது.

ரிமோட்கால்பேக்லிஸ்ட் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், அது நீக்குவது ப்ராசஸ் செத்தால்தான். போனைத் திருப்பினால் ஆக்டிவிட்டி மட்டும்தான் போகும், ப்ராசஸ் அப்படியே இருக்கும். ஆன்ஸ்டார்ட்டில் ரிஜிஸ்டர் செய்ததை ஆன்ஸ்டாப்பில் அன்ரிஜிஸ்டர் செய்யுங்கள். கால்பேக்கை ஸ்டாட்டிக் க்ளாஸாக எழுதி, ஆக்டிவிட்டியை அதற்குள் வீக்ரெஃபரன்ஸாக (குப்பையாக எடுப்பதைத் தடுக்காத பிடி) வையுங்கள். பிறகு போனைப் பத்துத் தடவை திருப்பிவிட்டு ஹீப் டம்ப் (நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட்டுகளின் படம்) எடுத்துப் பாருங்கள், ஆக்டிவிட்டி ஒன்றுதான் இருக்க வேண்டும்.